மொறிஸ் மைனர் வளைவில் தடுமாறினால்: குறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

மொறிஸ் மைனர் வளைவில் அழகாகத் திரும்பும் கார். இன்று வீதியில் ஓடும் மைனர்களில் பல அப்படித் திரும்புவதில்லை. பழைய கார் அப்படித்தான் இருக்கும் என்று உரிமையாளர்களும் விட்டுவிடுகிறார்கள். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானபோது, றாக் அன்ட் பினியன் (பற்தண்டும் பற்சில்லும் கொண்ட) ஸ்ரியறிங்கும் தனித்தனியே இயங்கும் முன்சில்லுகளும் ஒரு சிறிய பிரித்தானியக் காருக்குப் பெரிய விடயம். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அதோடும் நிறுத்தவில்லை. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, நடுவே நான்கு அங்குலம் சேர்த்து அகலப்படுத்தினார். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். அந்த அகலம் தோற்றத்தை மட்டுமன்றி, வீதியில் கார் நிற்கும் நிலையையும் திருத்தியது.

ஆகவே உங்கள் மைனர் வளைவில் அலைந்தால், சாய்ந்தால், ஒரு பக்கம் இழுத்தால், அது தேய்மானம் அல்லது யாரோ தவறாகப் பூட்டியது. இரண்டையும் கண்டுபிடித்துத் திருத்தலாம்.

தொடங்குமுன் ஒரு செய்தி. மைனரின் முன் சஸ்பென்ஷனில் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சில்லின் சாய்வு), காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்), கிங் பின் சாய்வு (அதே அச்சு பக்கவாட்டில் சாயும் கோணம்) ஆகிய மூன்றையும் திருகித் திருத்த முடியாது. முன்சில்லுகளின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவான ரோ-இன் ஒன்றைத்தான் மாற்றலாம். கேம்பர் ஒரு பாகை, காஸ்டர் மூன்று பாகை என்பன தொழிற்சாலை அளவுகள். இவை பிழைத்திருந்தால் ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது, அல்லது துருவில் நகர்ந்திருக்கிறது. நேரே வீல் அலைன்மென்ட் நிலையத்துக்குப் போய்ப் பணம் கொடுப்பதில் பயனில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தேய்ந்த புஷ்ஷோடு (பாகங்கள் இணையும் இடத்து உறையோடு) எடுத்த அளவு, கார் பத்தடி நகர்ந்ததும் மாறிவிடும். அலைன்மென்ட் கடைசி வேலை.

## முன்சில்லு ஆடுகிறது. திருப்பும்போது கிறீச்சிடுகிறது அல்லது இறுகுகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உயிர்ப் பயம். மற்றக் கோளாறுகளோடு மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வரலாம். இதோடு ஓட்டக் கூடாது.

மைனரின் கிங் பின், அதாவது சில்லு திரும்பும் அச்சு, மேலும் கீழும் மரை வெட்டப்பட்ட ஒரு தண்டு. இரு முனைகளும் ட்ரனியன் எனப்படும், உள்ளே மரை வெட்டிய துண்டுகளுக்குள் திருகி உட்கார்ந்திருக்கின்றன. ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. காரின் பாரம் ரோர்ஷன் பார் (முறுக்கு வில் தண்டு) வழியாகச் சஸ்பென்ஷனின் கீழ்க்கைக்கு வந்து, கீழ் ட்ரனியனைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. வீதியோ சில்லையும் கிங் பின்னையும் மேல்நோக்கித் தள்ளுகிறது. அதாவது, நின்றாலும் ஓடினாலும் கீழ் ட்ரனியனிலிருந்து கிங் பின்னைப் பிடுங்கும் இழுவை எப்போதும் இருக்கிறது. பிடித்து வைத்திருப்பது அந்த மரை மட்டுமே. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்து மெலிந்தால் ஒரு நாள் பின் கழன்று வரும், சில்லு மட்காட்டுக்குள் மடியும். ஸ்ரியறிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக நிறுத்தும்போது இது அதிகம் நடப்பது ஓட்டுபவரின் அதிர்ஷ்டம். வேகத்திலும் நடக்கலாம்.

சோதிப்பது எளிது. முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தித் தாங்கிக் கட்டையில் நிறுத்துங்கள். சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிறேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சில்லின் பெயரிங்கில். பிறேக் பிடித்தும் ஆடினால் ட்ரனியனில். பிறகு ரயருக்கு அடியில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கிங் பின் ட்ரனியனுக்குள் மேலும் கீழும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் கிங் பின்னையும் ட்ரனியனையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பின்னில் புதிய ட்ரனியனைப் போடுவது பணத்தை வீணாக்குவது. இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிர்த் திசையில் வெட்டப்பட்டவை, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கிறீஸ் போடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சில்லுகள் நிலத்தில் நிற்க, கிறீஸ் செலுத்தும் வாயான நிப்பிளில் கிறீஸ் அடித்தால், பாரம் தாங்கும் மரைப் பக்கங்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும், கிறீஸ் இலகுவான வழியில் வெளியேறிவிடும். எங்கே தேவையோ அங்கே போகாது. காரை உயர்த்தி, பாரத்தை எடுத்து, ஸ்ரியறிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பியபடி அடிக்க வேண்டும். பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறி, புதியது எட்டிப் பார்க்கும் வரை விடக் கூடாது. 1,000 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 1,600 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்பது பழைய பராமரிப்பு வழக்கம். மழையில், வெள்ளத்தில், புழுதியில் ஓடும் காருக்கு அதைவிட முன்பே அடிப்பதே நல்லது. எந்த மாற்று உதிரிப்பாகத்தை விடவும் இந்த ஒரு பழக்கம் மைனரைக் காப்பாற்றும்.

## ஸ்ரியறிங் கனக்கிறது, வளைவு முடிந்தும் தானாக நேராகவில்லை

பெரும்பாலும் மேலே சொன்ன மரைகள் காய்ந்திருக்கின்றன. ஸ்ரியறிங் றாக்கைச் சில்லோடு இணைக்கும் ட்ராக் றொட்டைக் கழற்றிவிட்டு, சில்லின் நடுப்பாகமான ஹப்பைக் கையால் திருப்பிப் பாருங்கள். இழைவாகத் திரும்ப வேண்டும். இரு பக்கமும் இழைவாக இருந்து, ஸ்ரியறிங் மட்டும் இறுக்கமாக இருந்தால் றாக்கைப் பாருங்கள். அதற்குள் இருக்க வேண்டியது கியர் எண்ணெய். றபர் உறை கிழிந்து எண்ணெய் ஒழுகி, அந்த இடத்தைத் தண்ணீரும் மணலும் பிடித்திருக்கும். அகலமான ரயரும் குறைந்த காற்றும் இதே குறியைக் காட்டும், அவற்றை முதலில் விலக்கிவிடுங்கள்.

## நேர் வீதியிலேயே அலைகிறது

ஓட்டுநர் சிறிது சிறிதாக ஸ்ரியறிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் குறி. இதில் காரணங்கள் பல, மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

ரயர். மைனர் பிறந்தது குறொஸ்பிளை (உள்நூல்கள் குறுக்கும் மறுக்கும் ஓடும் பழைய வகை) ரயரின் காலத்தில், 14 அங்குலச் சில்லோடு. இன்று பலர் 145 அல்லது 155 மில்லிமீற்றர் அகல றேடியல் (இக்கால வகை) ரயர் போடுகிறார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். முன்னே றேடியல், பின்னே குறொஸ்பிளை என்று கலந்தால் வளைவில் பின்பக்கம் முதலில் பிடி விடும். மழையில் அது ஆபத்து. காற்றும் அப்படியே. காரின் கையேட்டில் இருக்கும், சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல் என்ற அழுத்தம் குறொஸ்பிளைக்கு உரியது, றேடியலுக்கு அது போதாது. 26க்கும் 28க்கும் இடையில் வைத்து, ரயர் தேயும் விதத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ரயர் சரியென்றால் அடுத்து காரின் பின்பக்கத்தைப் பாருங்கள். அலைந்தால் எல்லோரும் முன்னேதான் தேடுவார்கள். மைனரின் பின் அச்சைப் பிடித்திருப்பவை இரண்டு இலை வில்கள் (அடுக்கிய உருக்குப் பட்டை வில்கள்) மட்டுமே. வில்லின் முனைகளில் உள்ள றபர் புஷ்கள் நைந்தாலோ, அச்சை வில்லோடு கட்டும் யூ-போல்ட்கள் தளர்ந்தாலோ அச்சு முன்பின்னாக நகரும். அச்சு ஒரு பக்கம் முன்னே, மறுபக்கம் பின்னே போனால் காரைப் பின்னிருந்து யாரோ திருப்புவதுபோல இருக்கும். ஓட்டிச் சோதிக்கலாம்: வெறிச்சோடிய நேர் வீதியில் மிதமான வேகத்தில் அக்சிலரேற்றரை அழுத்துங்கள், பிறகு சட்டென்று விடுங்கள். அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது எதிர்ப் பக்கமும் மூக்கு திரும்பினால் பின் வில்லின் புஷ்தான்.

அளந்தும் பார்க்கலாம். முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இரு பக்கமும் 86 அங்குலம், அதாவது 2,184 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஸ்ரியறிங் நேராக இருக்க, இரு பக்கத்துக்கும் கண்ணில் தெரியும் வித்தியாசம் இருந்தால் அச்சு இடம் மாறியிருக்கிறது, அல்லது முன் கீழ்க்கை பின்தள்ளியிருக்கிறது. வில்லைப் பிடித்திருக்கும் தகட்டையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மைனரில் துரு விரும்பிக் குடியேறும் இடங்களில் இதுவும் ஒன்று. மந்தமான சத்தம் வந்தால் புதிய புஷ் போட்டுப் பயனில்லை, வெல்டிங் வேலைதான் முதலில்.

பிறகுதான் றாக்கின் பிடிகள், ட்ராக் றொட் முனைகள், ரோ-இன்.

## பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் பாய்கிறது

டிரம் பிறேக்கை இரு பக்கமும் சமமாகச் சரிசெய்துவிட்டீர்கள், எண்ணெய் ஒழுக்கும் இல்லை, ஆனாலும் இழுக்கிறது என்றால் கீழ்க்கையிலிருந்து முன்னோக்கிச் சட்டத்துக்குப் போகும் ரை பாரைப் பாருங்கள். அதன் முன்முனையில் இரு றபர் வில்லைகள் இருக்கின்றன. பிறேக் பிடிக்கும்போது கீழ்க்கை பின்னோக்கிப் போகாமல் தடுப்பது அவைதான். எஞ்சின் எண்ணெய் சொட்டி ஊறிப்போன றபர் பஞ்சாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் நைந்தால், பிறேக் மிதித்த கணத்தில் அந்தப் பக்கத்தின் காஸ்டரும் ரோவும் சேர்ந்தே மாறும். விலை மிகக் குறைவு, இரு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள்.

கீழ்க்கையின் உள்முனையில் இருக்கும் றபர் புஷ்ஷை மாற்றும்போது மறக்கக் கூடாத ஒன்று: காரை ஜக்கில் தொங்கவிட்டபடியே கடைசி நட்டை இறுக்காதீர்கள். சில்லுகளை நிலத்தில் நிறுத்தி, காரை நாலு தடவை அழுத்தி அமர வைத்து, அதன் பிறகே இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் கார் அமரும்போது றபர் முறுகிய நிலையிலேயே இருக்கும். முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும், சில மாதங்களில் புஷ் கிழியும். கராஜ்களில் அவசரத்தில் இந்தப் பிழை நடப்பதைப் பல கார்களில் காண்கிறேன். நீங்கள் அருகில் நின்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

## வளைவில் அதிகம் சாய்கிறது. பள்ளத்தில் இறங்கினால் ஆடிக்கொண்டே போகிறது

ஓரளவு சாய்வு இயல்பு. தொழிற்சாலையிலிருந்து வந்த மைனரில், சாய்வைக் குறைக்கும் அன்ரி-றோல் பார் என்ற தண்டு கிடையாது. சாய்ந்து அப்படியே நின்று, வளைவு முடிந்ததும் நிமிர்ந்தால் குறையில்லை. சாய்ந்தபின் மறுபடி ஒரு ஆட்டம் ஆடினால் ஷொக் அப்சோபர் களைத்துவிட்டது.

மைனரில் இருப்பவை ஆம்ஸ்ட்ரோங் வகை நெம்புகை ஷொக் அப்சோபர்கள். முன்பக்கத்தில் அந்த நெம்புகையே சஸ்பென்ஷனின் மேற்கையும் ஆகிறது. ஒரு பாகம் இரண்டு வேலை செய்கிறது. எனவே உள்ளே எண்ணெய் குறைந்தால் ஆட்டம் வரும், அதன் தண்டும் புஷ்ஷும் தேய்ந்தால் கேம்பரே மாறும், சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்கள் தளர்ந்தால் பள்ளத்தில் டொக் என்று கேட்கும். இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் மைனருக்கு ஏற்ற மெக்கானிக்.

ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்திவிடுங்கள். ஒரு தடவை எழும்பி அமர வேண்டும். ஆடினால், நிரப்பும் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, ஷொக் அப்சோபருக்கென்றே விற்கும் எண்ணெயை ஊற்றி, கையை மேலும் கீழும் பலமுறை அசைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். கை அசைவின் நடுவில் எதிர்ப்பே இல்லாத ஓர் இடம் தட்டுப்பட்டால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. எஞ்சின் எண்ணெய் வேண்டாம், பிறேக் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தடித்த எண்ணெய் ஊற்றி இறுக்கலாம் என்று சொல்வோரையும் கேட்காதீர்கள். அப்போது சில்லு மேட்டைத் தொடர முடியாமல் துள்ளும், துள்ளும் சில்லுக்கு வளைவில் பிடி இல்லை. சில வாரங்களில் எண்ணெய் மறுபடி குறைந்தால் அடைப்பு போய்விட்டது, புதுப்பித்த ஷொக் அப்சோபரை வாங்கிப் பூட்டுங்கள். பின்பக்க ஷொக்கின் இணைப்புத் தண்டில் இருக்கும் சிறு றபர்களையும் பாருங்கள். அவை நைந்தால் ஷொக் நன்றாக இருந்தும் வேலை செய்யாது.

## ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது. இடது வளைவும் வலது வளைவும் வேறு வேறாக இருக்கின்றன

சமதரையில், ரயர்க் காற்று சமமாக, ஆளில்லாமல் நிறுத்தி அளவெடுங்கள். மட்காட்டின் வளைவிலிருந்து அளப்பது ஏமாற்றும். 1948 முதல் 1971 வரை தயாரான கார், எத்தனை தடவை தகடு மாற்றியிருப்பார்களோ! கீழ்க்கையின் உள்முனை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், வெளிமுனை எவ்வளவு என்று இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். முதலில் பின் இலை வில்களைப் பார்த்துவிடுவது நல்லது. பின் வில் ஒன்று தொய்ந்தாலும் முன்பக்கம் சாய்ந்தே தெரியும்.

முன்பக்கமே தாழ்ந்திருந்தால் ரோர்ஷன் பாரைத் திருத்த வேண்டும். இது காரின் அடியில் நீளவாக்கில் ஓடும் உருக்குத் தண்டு, முறுகித் திரும்பும் வலிமையே இங்கே வில். அதன் பின்முனையில் உள்ள பற்களையும் நெம்பையும் இடம் மாற்றி உயரத்தைக் கூட்டலாம். அதைத் தொடுமுன் அந்த நெம்பைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தைச் சோதியுங்கள். அது துருப்பிடித்து முறுகியிருந்தால் பாரைத் திருத்தத் திருத்தக் கார் மறுபடி தாழும். பாரில் சேமித்திருக்கும் விசை கையை முறிக்கும் அளவு பெரியது. கீழ்க்கையை ஜக்கால் தாங்காமல் எதையும் கழற்றக் கூடாது. ஓடிய பாரை மறுபக்கத்துக்கு மாற்றிப் போடாதீர்கள், அது ஒரு திசை முறுக்குக்குப் பழகிவிட்டது. அதன் மேற்பரப்பில் உளியாலோ குறடாலோ கீறல் விழுந்தால் அங்கேதான் பின்னாளில் உடையும்.

## ரயர் ஓரம் தேய்கிறது

உள்ளங்கையை ரயரின் குறுக்கே தடவுங்கள். இரு முன்ரயர்களும் வெளி ஓரத்தில் மரம் அறுக்கும் வாளின் பற்களைப்போல் ஒரு திசையில் உரசினால் ரோ-இன் அதிகம். உள் ஓரத்தில் உரசினால் அதற்கு எதிரான ரோ-அவுட். ஒரு ரயர் மட்டும் ஓர் ஓரத்தில் வழுவழுப்பாகத் தேய்ந்தால் அது கேம்பர். மேலே சொன்ன ஷொக்கின் தண்டு, ட்ரனியன் புஷ், வளைந்த கை என்று தேடுங்கள்.

## எல்லாம் சரியான பின், நூல் கட்டி ரோ-இன் வைத்தல்

கையேட்டு அளவு 3/32 அங்குலம், ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர். முன்சில்லு வளையங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரம், பின்விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை விட இவ்வளவு குறைவாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு 1.2 மில்லிமீற்றர்.

றாக்கை நடுவில் நிறுத்துங்கள். இரு ட்ராக் றொட்களிலும் வெளியே தெரியும் மரை சமமாக இருக்கட்டும். சமமில்லாவிட்டால் ஸ்ரியறிங் வளையம் கோணி நிற்பதோடு இரு பக்க வளைவுகளும் வேறுபடும். காரின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் நீளமாக நூல் கட்டுங்கள். மைனரின் முன் தடம், அதாவது இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையிலான அகலம், 50 5/8 அங்குலம், பின் தடம் 50 5/16 அங்குலம். எனவே நூலிலிருந்து பின் ஹப்புக்கான தூரம் முன் ஹப்பை விட ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் நான்கு ஹப்புக்கும் ஒரே தூரம் வைத்தால் நூலே கோணலாகிவிடும், அளவெல்லாம் பொய்யாகும்.

நூலிலிருந்து சில்லு வளையத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளவெடுங்கள். காரைத் தள்ளிச் சில்லை அரைச் சுற்று உருட்டி மறுபடி எடுத்துச் சராசரி காணுங்கள், பழைய வளையங்கள் சற்றே நெளிந்திருக்கும். றாக் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் ட்ராக் றொட்டை நீட்டினால் ரோ-இன் கூடும், குறைத்தால் குறையும். இரு பக்கமும் சம அளவு திருப்புங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் காரைச் சில அடி முன்னே உருட்டிவிட்டே அளக்க வேண்டும், நின்ற இடத்தில் திருகினால் ரயரின் பிடி சில்லைத் தடுத்து வைத்திருக்கும்.

## இன்னும் கூர்மை வேண்டுவோருக்கு

முன்பக்க அன்ரி-றோல் பார் பயனுள்ள சேர்க்கை, சாய்வைக் குறைக்கும், ஓட்டத்தைக் கெடுக்காது. குழாய் வகை ஷொக் அப்சோபருக்கு மாறுவோர் ஒன்றை அறிய வேண்டும்: முன்பக்கத்துக்கு விற்கும் தொகுதிகளில் பெரும்பாலானவை பழைய நெம்புகையை மேற்கையாக அப்படியே விட்டுவைக்கின்றன. அதன் தண்டு தேய்ந்திருந்தால் புதிய ஷொக் எதையும் திருத்தாது. இனித் தேவையில்லை என்று அதிலுள்ள எண்ணெயை வடித்துவிட்டால் தண்டு இன்னும் விரைவாகத் தேயும். பின் அச்சுத் துள்ளலைத் தடுக்கும் தண்டுகள் பெரிய எஞ்சின் போட்டவர்களுக்கு உரியவை, 48 குதிரைவலு கொண்ட 1,098 சிசி எஞ்சினுக்கு நல்ல இலை வில்லே போதும்.

காரைத் தாழ்த்துவதை நான் விரும்புவதில்லை. றாக்குக்கும் கீழ்க்கைக்கும் உள்ள பொருத்தம் கெட்டு, பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் சில்லு தானாகத் திரும்பத் தொடங்கும். இலங்கையில் இந்தக் கார்கள் பல பத்தாண்டுகள் அன்றாட வாகனமாக ஓடின. போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, வீதியோ குண்டும் குழியுமாக இருந்தது. அவற்றைத் தாங்கிய உயரம் தொழிற்சாலை வைத்த உயரம்தான்.

வேலை முடிந்து நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ-போல்ட்களையும், முன் ஷொக்கின் போல்ட்களையும், ட்ராக் றொட் பூட்டு நட்களையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, ரோ-இன்னை மறுபடி நூலில் அளந்துகொள்ளுங்கள். புதிய றபர்கள் அமர்ந்திருக்கும், அளவு சற்று நகர்ந்திருக்கக்கூடும்.